இரண்டு ஷாக் அப்சார்பரும் ஒரு குடும்பஸ்தரும்

கெட்டுப்போன பொருளின் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். கடையில் கொடுத்துவிட்டு, சொன்ன தேதிக்குப் போய் வாங்கிக்கொண்டு வருகிற சாதுக்களையும் தெரியும். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை, நன்றாக இருக்கட்டும். நான் இங்கே அறிமுகப்படுத்த வந்திருப்பது இந்த இரண்டிலும் சேராத ஓர் இனம். தெருவுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று, சில துரதிர்ஷ்டசாலிகளுக்கு வீட்டிலேயே ஒன்று என்று பரவிக் கிடக்கிற இனம். அதன் பெயர் ‘கழட்டிப் பாத்துருவோம்’.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கதவின் கீலைப் பார்ப்பார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தால், அதைக் குடித்துக்கொண்டே, தலைக்குமேல் சுற்றுகிற மின்விசிறியைக் கண்ணை மூடிக் காதால் கவனித்து, "பேரிங் போயிட்டிருக்கு" என்று துக்கச் செய்தி சொல்கிற குரலில் சொல்வார். டாக்டர் இரத்த அழுத்தம் பார்க்கும்போது, தன் அழுத்தம் எவ்வளவு என்று கேட்கமாட்டார்; அந்தக் கருவியின் குழாயில் காற்று எங்கே கசிகிறது என்று டாக்டருக்குக் காட்டிக் கொடுப்பார். டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதி அனுப்பிவிடுவார்.

இவர்களுக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரியும். அதுதான் தொல்லை. ஒன்றும் தெரியாத மனிதனை வீட்டில் உள்ளவர்கள் அதட்டி உட்கார வைத்துவிடலாம். முக்கால்வாசி தெரிந்தவனை யார் அதட்டுவது?

என் ஆராய்ச்சிக்குக் கிடைத்தவர் எதிர்வீட்டு அண்ணன். நில அளவை ஆபீசில் வரைபடம் சரிபார்க்கிற வேலை. பத்துப் பைசா கெட்ட பழக்கம் கிடையாது. ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் உண்டு. அது என்னைவிட நாலு வயது மூத்தது. நான் பார்த்தவரை என்னைவிட நன்றாகப் பராமரிக்கப்பட்டது. தினமும் காலை ஏழு பத்துக்கு அதைக் கிளப்பி, பின்னால் அண்ணியை உட்காரவைத்து, அவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, அப்படியே ஆபீசுக்குப் போவார். அண்ணிக்கு அங்கே இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி இருபது நிமிஷம். இருபது நிமிஷமும் அண்ணி அண்ணனின் வலது தோளுக்குப் பின்னாலிருந்து பேசிக்கொண்டே போவார். முதல் நாள் பரிசோதனைக்கூடத்தில் நடந்தது, தங்கச்சி போனில் சொன்னது, மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது, மகள் ஹாஸ்டலில் சரியாகச் சாப்பிடாதது எல்லாம் அந்த இருபது நிமிஷத்தில்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபிறகு இருவருக்கும் பேசத் தெம்பு இருக்காது. வேலைக்குப் போகிற எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதானே இது?

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, நான் அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தபோது, அண்ணன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த, பின்னாலிருந்து அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"பின்னாடி உக்காந்தா தூக்கித் தூக்கிப் போடுதுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கறப்ப இடுப்பு விட்டுப் போகுது" என்றார்.

மற்ற கணவர்களாக இருந்தால் முகம் வாடியிருக்கும். அண்ணனின் முகம் மலர்ந்தது. அண்ணி அதற்குப் பிறகும் ஒரு வாக்கியம் சொன்னார். அது அண்ணன் காதில் விழவில்லை, ஏனென்றால் அவர் அதற்குள் வண்டியின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்துவிட்டார். என் காதிலும் விழவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானும் அவரோடு சேர்ந்து குந்திவிட்டேன்.

"ஷாக் அப்சார்பர் தம்பி. நான் அப்பவே நினைச்சேன். கழட்டிப் பாத்துருவோம்" என்றார் அண்ணன்.

வண்டி ஓட்டாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் முழங்கை நீளத்தில் இரண்டு உருளைகள் நிற்குமே, அவைதான் ஷாக் அப்சார்பர்கள். வெளியே ஸ்பிரிங், உள்ளே ஆயில் நிரப்பிய குழாய். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு, மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கொஞ்சமாகக் கொடுக்கும். வயதானால் ஆயில் கசிந்து, ரப்பர் இறுகி, வாங்கிக்கொள்கிற குணம் போய், வந்ததை அப்படியே மேலே அனுப்பிவிடும். முன்னால் ஓட்டுகிறவருக்கு அவ்வளவாகத் தெரியாது. பின்னால் இருப்பவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை. வாசலில் சாக்கு விரித்தாயிற்று. ஸ்பேனர்கள் உயரவாரியாக அடுக்கியாயிற்று. "ரெண்டு மணி நேர வேலை தம்பி" என்றார். இந்த இனத்தின் கடிகாரத்தில் எல்லா வேலையும் இரண்டு மணி நேரம்தான். கிணறு வெட்டச் சொன்னாலும் அதைத்தான் சொல்வார்கள். இவர்களைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தனியாக வேலை செய்ய இவர்களால் முடியவே முடியாது. பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். சும்மா வேடிக்கை பார்க்கப் போன நான், ஐந்து நிமிஷத்தில் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் பின்சக்கரமுமாக நின்றேன். "இங்க காட்டுங்க… அங்க இல்ல, இங்க… தம்பி, என் கையையா பாக்கச் சொன்னேன், நட்டைக் காட்டுங்க" என்று பட்டப்பகலில் டார்ச் பிடிக்கத் தெரியாத குற்றத்துக்காக அரைமணி நேரம் வசவு வாங்கினேன். என் அப்பாகூட என்னை அப்படித் திட்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து முக்குக்கடை மெக்கானிக் அந்தப் பக்கம் வந்தார். முப்பது வருஷமாக இதே வேலை செய்கிறவர். அதனால் அதிகம் பேசமாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், ஒண்ணை மட்டும் கழட்டுங்க. அதை முழுசா மாட்டினப்புறம் இன்னொண்ணைத் தொடுங்க. எதுக்கு மேல எதுன்னு மறந்துட்டா, மாட்டியிருக்கறதைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்" என்றார்.

அண்ணன் மரியாதையாகத் தலையாட்டினார். மெக்கானிக் முக்குத் திரும்பி மறைகிறவரை காத்திருந்து, இரண்டையும் சேர்த்துக் கழற்றினார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்கிறீர்களா? மெக்கானிக் சொன்னபடி செய்தால் அது மெக்கானிக்கின் வேலை ஆகிவிடும். அப்புறம் இவர் எதற்கு? தவிர, அவரிடம் போன் இருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது ஒரு படம் எடுத்துக்கொண்டே போனார். மொத்தம் அறுபத்துநாலு படம். ஒவ்வொன்றும் அவ்வளவு நெருக்கம், அவ்வளவு துல்லியம். வாஷரில் ஒட்டியிருக்கிற மண்துகளைக்கூட எண்ணலாம். அந்த வாஷர் எதற்கு மேலே இருந்தது, எதற்குக் கீழே இருந்தது என்பது மட்டும் ஒரு படத்திலும் தெரியாது.

ஸ்பிரிங்கைக் கழற்றுவது சாமானிய காரியம் இல்லை. அதை அழுத்திப் பிடித்தால்தான், அதன் தலையில் பூட்டியிருக்கிற பிறை வடிவத் துண்டுகள் இரண்டும் வெளியே வரும். இதற்கென்று கருவி இருக்கிறது. மெக்கானிக் கடையிலும் இருக்கிறது. அண்ணன் கேட்பாரா? இரண்டு இரும்புத் தகடு, இரண்டு நீள போல்ட் வைத்துத் தானே ஒரு கருவி செய்தார். என்னைப் பிடிக்கச் சொல்லி இறுக்கினார். அழகாக அமுங்கியது. ஒரு பிறையை எடுத்தார். இரண்டாவது பிறையைத் தொட்டதும் தகடு ஒரு பக்கம் வழுக்கி, ஸ்பிரிங் என் காதோரமாகப் பறந்துபோய் அண்ணி காயவைத்திருந்த பெட்ஷீட்டில் விழுந்தது. பிறை எந்தத் திசையில் போனது என்று தெரியவில்லை. நான் காது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் மட்டும் நிதானமாக, "பாத்தீங்களா தம்பி, ஸ்பிரிங்ல தெம்பு இருக்கு. மாத்த வேண்டியதில்ல" என்றார்.

பிறையைத் தெருவெல்லாம் தேடினோம். நாலு நாள் கழித்து அண்ணியின் சாப்பாட்டுப் பையில் கிடைத்தது. ஜன்னலோரம் வைத்திருந்த பைக்குள் பறந்துபோய் விழுந்து, தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருக்கிறது. அண்ணி அதைப் பஞ்சால் துடைத்து, மாதிரி எடுக்கிற சின்ன டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அண்ணியின் பொறுமையைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அப்புறம் அந்த இரண்டு மணி நேர வேலை வாசலிலிருந்து மெல்ல வீட்டுக்குள் குடியேறியது. கறுப்புப் பெயின்ட் அடித்த ஸ்பிரிங்குகள் துணிக்கொடியில் சட்டைகளுக்கு நடுவே தொங்கின. குளியலறைக் குவளையில் மண்ணெண்ணெயும் அதில் ஊறுகிற போல்ட்டுகளும். பல் தேய்க்கிற பிரஷ்களில் ஒன்று பணி மாற்றம் பெற்றுவிட்டது, எது என்று யாரும் சொல்லாததால் வீட்டில் எல்லோரும் புதிது வாங்கிக்கொண்டார்கள். இருமல் மருந்து ஊற்றுகிற சின்ன மூடி ஆயில் அளக்கப் போய்விட்டது. சாப்பாட்டு மேசையில் ஒரு பாதி செய்தித்தாள் விரித்து வாஷர்களுக்கு ஒதுக்கப்பட்டது. மேலே மூடுகிற பளபளப்பான குழல்களை முலாம் பூசக் கொடுத்திருந்தார். முலாம் பூசுகிறவர் அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அவரும் இந்த இனத்தின் ஏதோ ஒரு கிளையாகத்தான் இருக்கவேண்டும். முனைகளில் செருகுகிற ரப்பர் வளையம், ரப்பர் புஷ் என்பார்கள், கடையில் கிடைத்தது தடிமன் அதிகம். அதை உப்புத்தாளில் தேய்த்தார். தேய்த்தது மெலிந்துவிட்டது. வேறு வாங்கினார்.

அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க அடியில் ஒரு வளையம் உண்டு. பின்னால் உட்காருகிறவரின் கனத்துக்கு ஏற்ப அதைத் திருப்பி வைக்கவேண்டும். அதனால் அண்ணன், என்னையும் வைத்துக்கொண்டு, அண்ணியிடம் அவருடைய எடையைக் கேட்டார். அண்ணி பதில் சொல்லவில்லை. இரண்டு நாளைக்கு வேறு எதற்கும் பதில் சொல்லவில்லை.

வண்டி ஸ்டூல் மேல் நின்றது. வேலைக்குப் போகிற மனிதர்கள் அப்படி நிற்க முடியுமா? அண்ணன் பஸ்ஸில் போனார். அண்ணி ஆஸ்பத்திரி வேனில் போனார். முதல் மாதம் அவர் தினமும் கேட்டார், எப்பங்க முடியும் என்று. அண்ணன் தேதி சொல்லமாட்டார். ஆயிலின் கனம் எவ்வளவு இருக்கவேண்டும், கெட்டியான ஆயில் போட்டால் ஏன் இறுகும், தண்ணியான ஆயில் போட்டால் ஏன் துள்ளும் என்று அரைமணி நேரம் விளக்குவார். இரண்டாவது மாதத்திலிருந்து அண்ணி கேட்பதை விட்டுவிட்டார். தன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று அண்ணன் எடுத்துக்கொண்டார்.

ஆறாவது மாதம் என்று நினைக்கிறேன். வேன் வந்து நின்றது. அண்ணி ஏறுவதற்கு முன்பே உள்ளேயிருந்து யாரோ ஏதோ சொல்ல, இவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த அம்மாளிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார். வேன் போய்விட்டது. அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாத்தையும் என்கிட்டதான் சொல்லிட்டு வருவா தம்பி. இப்ப அந்த அம்மாகிட்ட சொல்றா. போன வாரம் மகளுக்குக் காய்ச்சலாம். வந்து சரியாப் போனப்புறம் எனக்குத் தெரியுது" என்றார்.

கேட்டதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. கேலி பேச வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன். சீக்கிரம் மாட்டிவிடுங்கள் அண்ணே, ஒன்று முடிந்துதானே இருக்கிறது என்றேன். அவரும் உணர்ச்சிவசப்பட்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தால், முடிந்திருந்த ஒன்றையும் பிரித்துவைத்திருந்தார். அவள் மறுபடி உட்காரும்போது ஒரு குறையும் இருக்கக்கூடாதாம். அதற்காக இன்னும் நல்ல ஆயில் வரவழைத்திருந்தாராம். இந்த மனிதர்களின் அன்பு இப்படித்தான். பொங்கி வந்தால் உடனே எதையாவது கழற்றும்.

எட்டு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. உள்ளதைச் சொல்லவேண்டும்: பிரமாதமாக இருந்தது. கண்ணாடி மாதிரி மின்னுகிற குழல், கீழே கறுப்பு ஸ்பிரிங், ஒரு சொட்டுக் கசிவு இல்லை. சீட்டை அமுக்கினால் ‘உஸ்’ என்று இறங்கி, அலட்டாமல் மேலே வந்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டு வாஷர் மிச்சம் இருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். அது கம்பெனிக்காரன் அந்தக் காலத்தில் தேவையில்லாமல் போட்டதாம். அப்படியும் நான் விடாமல் அவர் முகத்தைப் பார்த்ததால், "ஓடும் தம்பி" என்றார்.

அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்து, நிஜமாகவே சந்தோஷப்பட்டு, நல்லா இருக்குங்க என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒரே வண்டியில் தெருவைத் தாண்டிப் போவதைப் பார்க்க எனக்கும் மனசு நிறைந்திருந்தது. அந்த டார்ச்சைப் பிடித்தவன் நான் அல்லவா?

கால்மணி நேரம் ஆயிற்று. அண்ணி திரும்பி வந்தார், நடந்து. கையில் ஒரு செருப்பு, அறுந்திருந்தது. அவருக்குப் பின்னால் இருபதடி தள்ளி அண்ணன், வண்டியை முதல் கியரில் உருட்டிக்கொண்டு.

நடந்தது இதுதான். முன்பெல்லாம் அண்ணன் பள்ளத்தைக் கவனிக்காமல் வண்டியை விடுவார். இன்று கவனித்து விட்டிருக்கிறார். ஷாக் அப்சார்பர் எப்படி வாங்குகிறது என்று காட்டவேண்டாமா? தண்ணீர் வாரியம் தோண்டிவிட்டு மூடாத குழி, பள்ளிக்கூடத்து வேகத்தடை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பெயர்ந்து கிடக்கிற சிமென்ட் பலகை எல்லாவற்றையும் தேடித் தேடி முழு வேகத்தில் ஏற்றி இறக்கி, ஒவ்வொன்றுக்கும் கழுத்தைத் திருப்பி, எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று கேட்டிருக்கிறார். ஐந்தாவது பள்ளத்தில் செருப்பு அறுந்தது. அண்ணி இறங்கிவிட்டார்.

கேட்டருகே அண்ணி நின்றார். கோபமாகப் பேசவில்லை. களைத்துப்போன குரலில் பேசினார்.

"நான் என்னங்க கேட்டேன்? ரெண்டு வருஷமா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். பள்ளம் வந்தா கொஞ்சம் மெதுவாப் போங்கன்னு கேட்டேன். நான் பேசறப்ப கேட்டுக்கிட்டே மெதுவா ஓட்டுங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வண்டிக்குப் பின்னால் குந்தியபோது காதில் வாங்காத வாக்கியம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தெருவில் நிற்கவே கூசியது. அண்ணனைப் பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தது. மனிதர் உடைந்துவிட்டார் என்று நினைத்தேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அண்ணி சொன்ன ஒவ்வொரு சொல்லையும் இந்தத் தடவை அவர் காதுகொடுத்துக் கேட்டிருந்தார். அதில் சந்தேகமே இல்லை. மெல்ல நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"மெதுவாப் போகணும்னா பிரேக்கைப் பாக்கணும் தம்பி" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன். அவர் உள்ளே போனார். திங்கட்கிழமை ஏழு பத்துக்கு வேன் வந்தது. அண்ணி ஏறி, ஜன்னல் வழியாகக் கையசைத்தார். வாசல் சாக்கில் பின்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த அண்ணன், சக்கரத்துக்குள்ளிருந்து கழற்றிய பிரேக் ஷூ இருந்த கையாலேயே அவருக்குக் கையசைத்தார்.

சரி. நான் ஸ்பேனரைத் தொட்டதே இல்லை, எனக்கும் இந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இந்த இனத்துக்கு ஸ்பேனர் கட்டாயம் இல்லை. தலை வலிக்கிறது என்று ஒருத்தி வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் உட்காராமல் மாத்திரை தேட எழுந்துபோகிறவர் இதில் சேர்த்தி. ஆபீசில் மனசே சரியில்லை என்று நண்பன் சொன்னால், அவன் வாய் மூடுவதற்குள் அவனுக்கு வேறு வேலைக்கு விண்ணப்பம் தயார் செய்கிறவரும் சேர்த்தி. எல்லோரும் நல்லவர்கள், உதவி செய்யத் துடிக்கிறவர்கள். நீங்கள் அப்படி இல்லை. எதிரில் இருப்பவர் சொல்வதைக் கடைசி வார்த்தைவரை கேட்கிறவர். மெத்தச் சந்தோஷம். உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, நடுவில் வீட்டில் ஒருவர் அருகே வந்து ஏதோ சொன்னார். நீங்களும் தலையை நிமிர்த்தாமல் ‘ம்’ என்றீர்கள். அவர் என்ன சொன்னார்?